ஏழு வீட்டு டிராக்டர்

முளைவிட்ட கோதுமையை அரைத்து ரொட்டி செய்தால் அது ரொட்டியாக இருக்காது. எங்கள் பக்கத்து ரொட்டி ஆவியில் வேக வைப்பது; இது உப்பாது. கத்தியில் ஒட்டும், பல்லில் ஒட்டும். போதாததற்கு ஓர் அசட்டுத் தித்திப்பு வேறு. எங்கள் ஷிலியூவான் கிராமத்தில் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஏழு வீடுகளில் அந்த ரொட்டிதான். என் வீடு அதில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் என் மகள் தன் ரொட்டியைச் சுவரில் எறிந்து பார்த்தாளாம். அது விழாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டதாம். வாத்தியார் என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார். கண்டித்துவிட்டு, "உண்மையிலேயே ஒட்டுச்சும்மா" என்றார்.

கோதுமை முளைத்ததற்கு மழை ஒரு காரணம். இன்னொரு காரணம் பாங்.

கம்யூன் கலைந்து, நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்தபோது, பொதுவில் இருந்த இரண்டு சக்கரக் கை டிராக்டரும், கதிரடிக்க அதன் பின்னால் பூட்டும் கல் உருளையும் குத்தகைக்குப் பாங்கின் கைக்குப் போயின. பாங் கெட்டவர் இல்லை. ஆனால் கோதுமை அறுப்பு நாட்களில் ஊரே அவர் முகத்தைப் பார்த்து நின்றது. களத்தில் கதிரைப் பரப்பி வைத்துவிட்டு, டிராக்டர் எப்போது வரும் என்று வானத்தையும் பாங்கையும் மாறி மாறிப் பார்ப்போம். யார் வீட்டுக்கு முதலில் போவது என்று அவர்தான் முடிவு செய்வார். போகிற வீட்டில் முட்டை போட்ட நூடுல்ஸ் வேண்டும், சோளச் சாராயம் வேண்டும், காதில் செருகிக்கொள்ள ஒரு சிகரெட்டும் வேண்டும். கூட உட்கார்ந்து குடிக்க ஓர் ஆண் இல்லாத வீடு அவருக்கு ருசிக்காது.

எங்கள் ஏழு வீடுகளிலும் ஆண்கள் இல்லை. எல்லோரும் ஜெங்ஜோ நகரத்தில் கட்டட வேலைக்குப் போயிருந்தார்கள். அறுப்புக்கு வந்துவிடுகிறோம் என்று சொல்லித்தான் போவார்கள். தளம் போட்டு முடியட்டும் என்று மேஸ்திரி பிடித்து வைத்துக்கொள்வார்.

"ஆம்பள இல்லாத வீட்டுல என்ன அவசரம்? திங்கிறது நாலு வாய். நிதானமா அடிச்சுக்கலாம்" என்பார் பாங்.

அவர் நிதானமாக இருந்தார். மழை இருக்கவில்லை.

யின்ஹுவா என் கணவரின் பெரியப்பா மகன் மனைவி. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கம்யூன் காலத்தில் பெண்கள் அணிக்கு அவள்தான் தலைவி. மூன்று வயல் தாண்டி நிற்பவளையும் பெயர் சொல்லி அழைத்து வேலை வாங்கும் குரல் அவளுக்கு. நிலம் பிரிந்த பிறகு அந்தக் குரலுக்குக் கோழி விரட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போனது.

புத்தாண்டு கழிந்த ஒரு மதியம், அவள் வீட்டில் நாங்கள் ஏழு வீட்டுப் பெண்களும் துணிச் செருப்புக்கு அடிப்பாகம் தைத்துக்கொண்டிருந்தோம். துணியை அடுக்கி, பசை தடவி, ஊசியால் இழுத்துத் தைக்கிற வேலை. பசை தீர்ந்துபோயிற்று. லாய்தி எழுந்து அடுக்களைக்குப் போனாள். லாய்தி என்றால் 'தம்பியைக் கூட்டி வா' என்று அர்த்தம். அவளுக்குப் பின்னால் நாலு தங்கைகள்தான் வந்தார்கள். ஆள் நல்ல பலசாலி. அடுக்களையிலிருந்து ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து, பிய்த்து, துணியில் தேய்த்து ஒட்டினாள்.

"பசை எதுக்கு அண்ணி? இது நல்லாவே புடிக்குது" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். யின்ஹுவா சிரிக்கவில்லை. அந்தத் துணியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிரியவில்லை.

"வர்ற அறுப்புக்கு நாம பாங் அண்ணன் முன்னாடி போய் நிக்கப் போறதில்ல" என்றாள்.

"அப்ப மழை முன்னாடி போய் நிப்போமா?" என்றேன் நான்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளையில ஒரு கை டிராக்டர் சும்மா கெடக்கு. லாரி வாங்கிட்டாங்க. இப்ப அதுல கோழிதான் முட்டை போடுது."

"அண்ணி, நம்மள்ல யாருக்கு ஓட்டத் தெரியும்?"

"கோழிக்கும்தான் தெரியாது. அது ஏறி உக்காரலையா?"

சூளைக்காரர் முதலில் எங்களைச் செங்கல் வாங்க வந்தவர்கள் என்று நினைத்தார். விஷயத்தைக் கேட்டதும் தேநீர் மூக்கில் ஏறி இருமினார். ஆனால் அவருக்கு ஆள் பற்றாக்குறை. சூளையிலிருந்து செங்கல்லைச் சுமந்து வெளியே அடுக்க ஊரில் ஆண்களே இல்லை. வசந்தம் முடியும்வரை நாங்கள் ஏழு பேரும் சுமந்தால் டிராக்டரை எடுத்துக்கொள்ளலாம் என்றார். சுமந்தோம். வாயில் துணி கட்டிக்கொண்டு, சூடு ஆறாத செங்கல்லை முதுகுப் பலகையில் அடுக்கி ஏற்றி இறக்கினோம். சாயங்காலம் ஆற்றில் முகம் கழுவினால் நீர் சிவப்பாகப் போகும். கைப்பிடியில் உட்கார்ந்திருந்த கோழியை யின்ஹுவா தன் கையாலேயே இறக்கிவிட்டாள்.

டிராக்டர் ஊருக்குள் நுழைந்தபோது அதைக் கழுதைதான் இழுத்து வந்தது. இயந்திரம் கிளம்பவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்திருந்த வயசான ஆண்கள் எழுந்து வழிவிட்டு, கழுதைக்கு வணக்கம் சொன்னார்கள்.

அவர்கள் உட்கார்ந்திருந்தது பழைய கல் உருளை ஒன்றின் மேல். பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. யின்ஹுவா அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"பெரியப்பா, கொஞ்சம் எந்திரிங்க. இது எங்களுக்கு வேணும்."

"நாங்க எங்கம்மா உக்காருவோம்?"

"வீட்டுல உக்காருங்க. பெரியம்மாவுக்குப் பூண்டு உரிச்சுக் குடுங்க."

கடப்பாரையால் நெம்பி உருளையை வெளியே எடுத்தோம். தச்சரிடம் இலந்தை மரத்தில் ஒரு சட்டம் செய்து பூட்டினோம். பெண் தொட்ட உருளை அந்த வருஷமே பிளக்கும் என்று யின்ஹுவாவின் மாமியார் வாசலில் நின்று சொன்னார். பிளந்தால் இரண்டு உருளையாயிற்று என்றாள் யின்ஹுவா.

சூளையின் பழைய ஓட்டுநர் ஒரு பிற்பகல் வந்து சொல்லிக் கொடுத்தார். முன்பக்கம் இரும்புக் கம்பியைச் செருகி, வேகமாகச் சுழற்றி, இயந்திரம் பிடித்ததும் கையை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் கம்பி திருப்பி அடிக்கும். நான் சுழற்றினேன், அது தும்மியது. வேறு இருவர் சுழற்றினார்கள், அது ஏப்பம் விட்டது. லாய்தி கையில் எச்சில் துப்பிக்கொண்டு ஒரே சுழற்று சுழற்றினாள். 'டப் டப் டப்' என்று ஊரிலிருந்த அத்தனை நாய்களும் குரைக்கும்படி அது எழுந்துகொண்டது. லாய்தி கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ குழந்தை பெற்றவள் மாதிரி நின்றாள்.

திருப்புவதற்கு இரண்டு கைப்பிடிகளிலும் ஒவ்வொரு பிடி உண்டு. இடதை அழுத்தினால் இடது, வலதை அழுத்தினால் வலது. "பள்ளத்துல எறங்கும்போது மட்டும் எல்லாம் தலைகீழாயிடும். ஞாபகம் வச்சுக்குங்க" என்று ஓட்டுநர் சொன்னார். அப்போது நாங்கள் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இயந்திரத்தைக் குளிர்விக்க ஊற்றிய தண்ணீர் அங்கே கொதித்துக்கொண்டிருந்தது. லாய்தி அதில் முட்டைகளைப் போட்டாள். நன்றாகவே வெந்தன. கொஞ்சம் இரும்பு வாசம், அவ்வளவுதான்.

ஓட்டுநர் சொன்னதைக் காதில் வாங்கியவள் ஒருத்திதான். சூமெய். எங்கள் எல்லோரிலும் இளையவள், மெலிந்தவள். அவள் பேசி ஊரில் அதிகம் பேர் கேட்டதில்லை. முந்தின வருஷம் பாங்கின் வரிசையில் கடைசி வீடு அவளுடையதுதான்.

வாற்கோதுமை முன்னாலேயே விளைந்துவிடும். யின்ஹுவா தன் வயலில் ஒரு மூலையில் அதைப் போட்டிருந்தாள். அறுத்து முடித்ததும் அந்த இடத்தை உழுது, தண்ணீர் தெளித்து, பழைய வைக்கோல் தூவி, உருளையை ஓட்டி இறுக்கி எங்களுக்கென்று ஒரு களம் செய்வதாகத் திட்டம். அதற்காக டிராக்டரை ஓட்டிக்கொண்டு கிளம்பினாள். வழியில் வாத்துக் குளம். குளத்தை ஒட்டி ஒரு சரிவு.

அன்று பார்த்து சந்தை நாள். சாலை நிறைய ஆள். யின்ஹுவா நிமிர்ந்து உட்கார்ந்து, மாவட்டத் தலைவர் ஊர்வலம் போகிற மாதிரி வந்தாள். சரிவில் இறங்கியது. இடதுபுறம் பாதை, வலதுபுறம் குளம். இடதை அழுத்தினாள். டிராக்டர் வலதுபுறம் திரும்பியது. இன்னும் பலமாக இடதை அழுத்தினாள். அது இன்னும் உற்சாகமாக வலதுபுறம் போனது. வாத்துகள் சிதறின. இயந்திரம் ஒரு முறை குமிழி விட்டு அடங்கியது. யின்ஹுவா இடுப்பளவு நீரில், கைப்பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

கரையில் பாங் நின்றிருந்தார். சிகரெட்டைக் காதிலிருந்து எடுத்துப் பற்றவைத்தார்.

"என்ன யின்ஹுவா, மீன் புடிக்கவா?"

"இல்லண்ணே. சூளையில தூசி படிஞ்சு கெடந்துச்சு. குளிப்பாட்டலாம்னு கொண்டாந்தேன்."

"சோப்பு போட்டுக் குளிப்பாட்டு."

சாலையே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. செங்கல் சுமந்த தோள் இன்னும் ஆறவில்லை. போய்விடலாம் என்று திரும்பினேன். அப்போது சூமெய் செருப்பைக் கழற்றிக் கரையில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தாள். கால்சட்டையை மடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் குளத்தில் இறங்கினாள். பிறகு நாங்கள் எப்படி நிற்பது? கயிறு கொண்டு வந்தோம். லாய்தி முன்னால், நாங்கள் பின்னால். சேறு விடவில்லை. மூன்றாவது முறை இழுத்தபோது கயிறு திடீரென்று இலகுவாயிற்று. திரும்பிப் பார்த்தால் கடைசியில் யின்ஹுவாவின் மாமியார் பிடித்திருந்தார்.

"பாத்துட்டு நிக்காதீங்கடி. இழுங்க. என் வீட்டு மானமும் அதுலதான் முங்கிக் கெடக்கு" என்றார்.

வண்டி கரை ஏறியது. அதைக் கழற்றி, துடைத்து, வெயிலில் காய வைத்தோம். லாய்தி சுழற்றிப் பார்த்தபோது அது சேற்றைக் கக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. யின்ஹுவா ஈரச் சட்டையோடு கைப்பிடியைச் சூமெய் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு வாய்தான் வேலை செய்யுது. கை செய்யல. நீ புடி."

சூமெய் அதே சரிவுக்குத் திரும்பிப் போனாள். ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் போய்க் கேட்டேன். "ஏறும்போது மனசு சொல்ற பக்கம், எறங்கும்போது மனசுக்கு எதிர்ப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இருட்டுவதற்குள் வாத்துகள்கூட அவளைப் பார்த்துப் பயப்படுவதை விட்டுவிட்டன.

களம் தயாரானது. கோதுமை மஞ்சளாகிக் கதிர் தலை சாய்த்தது. அப்போதுதான் உண்மையான சண்டை வந்தது. யார் வீட்டுக் கோதுமை முதலில்?

"நான்தான் தினமும் சுத்திக் கெளப்புறேன். என் வீட்டுதுதான் மொதல்ல" என்றாள் லாய்தி.

"என் வயல்தான் மொதல்ல வெளஞ்சிருக்கு. கையில எடுத்தா உதிருது" என்றேன் நான்.

"ஆமா, உன் வயலுக்கு மட்டும் தனி சூரியன்."

"உன் நாக்குக்கு மட்டும் தனிக் கம்பி போட்டுச் சுத்தி விட்டிருக்கு."

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பழைய கதையெல்லாம் வந்தது. யாரோ ஒருத்தியின் ஆடு யாரோ ஒருத்தியின் முள்ளங்கியைத் தின்றது வரை வந்தது. டிராக்டரை ஏழு துண்டாகப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருத்தி சொன்னாள். கடைசியில் யின்ஹுவா கேட்டாள்.

"போன வருஷம் யாருக்குக் கடைசியா வந்துச்சு?"

எல்லோரும் சூமெய்யைப் பார்த்தோம். அவள் தரையைப் பார்த்தாள்.

"அங்கேருந்து ஆரம்பிப்போம். அப்படியே பின்னாலேருந்து முன்னால வருவோம். என்னுது கடைசி. சம்மதம் இல்லாதவங்க இப்பவே சொல்லுங்க, பாங் அண்ணன் வீடு அதோ இருக்கு."

லாய்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் விடியும்போது சூமெய் வயலில் அரிவாளோடு முதலில் நின்றது அவள்தான்.

ஏழு பேரும் ஒரே வயலில் இறங்கினால் வயல் சீக்கிரம் சிறுத்துப்போகிறது. அறுத்து, களத்துக்குக் கொண்டுவந்து, வட்டமாகப் பரப்புவோம். சூமெய் சுற்றிச் சுற்றி ஓட்டுவாள். உருளை முனகிக்கொண்டே பின்னால் போகும். நாங்கள் கவைக்கோலால் வைக்கோலைப் புரட்டிப் போடுவோம். மாலைக் காற்று எழும்பியதும் மரப்பலகையால் அள்ளி வீசித் தூற்றுவோம். பதர் அந்தப் பக்கம், மணி இந்தப் பக்கம். யின்ஹுவாவுக்கு மறுபடியும் குரல் கொடுக்க வேலை கிடைத்துவிட்டது. ஊரின் இரண்டு பக்கமும் அது கேட்டது. உருளை பிளக்கவில்லை. ஏழு வீட்டுக் கோதுமையும் மழை காணாமல் குதிருக்குப் போய்ச் சேர்ந்தது.

யின்ஹுவாவின் கடைசி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த மதியம், தோளில் கவைக்கோலோடு ஒருத்தி களத்துக்கு வந்தாள். பாங்கின் மனைவி சாய்லியன்.

"என்னையும் சேத்துக்குவீங்களா?" என்றாள்.

லாய்தி வாய் பிளந்தாள். "உன் வீட்டுலதான் டிராக்டரே இருக்கு."

"டிராக்டர் இருக்கு. எங்க களத்துக்குத்தான் அது நேரத்துக்கு வந்ததில்ல. ஊர்ல எல்லா வீட்டுலயும் நூடுல்ஸ் தின்னு முடிச்சப்புறம்தான் எங்க வீடு ஞாபகம் வரும் அவருக்கு. நம்ம வீட்டுதுதானே, எங்க ஓடிப்போகுதும்பாரு. போன வருஷம் எங்க கோதுமையும்தான் முளைச்சுது."

"ஐயோ. நீயும் அந்த ரொட்டிதான் தின்னியா?"

"குளிர்காலம் பூரா. அவரு தின்னதெல்லாம் ஊர்ச் சாப்பாடு. எப்பவாவது வீட்டுல தின்னா, உனக்கு மாவு பெசையத் தெரியலன்னு திட்டுவாரு."

யின்ஹுவா சிரிக்க ஆரம்பித்தாள். சாய்லியனும் சிரித்தாள். தென்கிழக்கே மேகம் கறுத்து ஏறிக்கொண்டிருந்தது.

"அவரு இப்ப எங்க?"

"கிராமச் செயலாளர் வீட்டுல. களத்த அடிச்சு முடிச்சு, சாப்பிட்டு, அங்கேயே படுத்துத் தூங்குறாரு. நாங்க அறுத்துப் பரப்பினது அப்படியே கெடக்கு."

சூமெய் யாரும் சொல்லாமலே டிராக்டரைத் திருப்பினாள்.

எட்டுப் பேர், ஒரு களம். காற்றும் எங்கள் பக்கம் இருந்தது. மழைக்கு முன் வருகிற காற்றில் தூற்றினால் பதர் தானே பறந்து போகும். முதல் இடி இடித்தபோது வைக்கோல் போர் ஏறியிருந்தது. மூட்டைகள் வீட்டுக்குள் போயிருந்தன. யின்ஹுவா களத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

இடிச் சத்தத்தில் எழுந்த பாங், ஒரு காலில் செருப்போடு தன் டிராக்டரில் பறந்து வந்தார். வெறும் களத்தைப் பார்த்தார். களவு போய்விட்டது என்று நினைத்திருக்க வேண்டும். முகம் வெளுத்துப்போயிற்று. பிறகு வீட்டு முற்றத்தில் மூட்டைகளையும், மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரையும் பார்த்தார்.

"வாங்கண்ணே. உங்க களம் முடிஞ்சுது" என்றாள் யின்ஹுவா. "ஊர் வழக்கம் என்னன்னு உங்களுக்கே தெரியும். முட்டை போட்ட நூடுல்ஸ்."

"சோளச் சாராயம்" என்றாள் லாய்தி.

சூமெய் தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

பாங் மனைவியைப் பார்த்தார். "எந்திரி, அடுப்பப் பத்த வை."

"நான் எப்படி? நான் இன்னிக்கு வேலைக்கு வந்த ஆளு. வேலை செஞ்சவங்க பந்தியிலதான் உக்காரணும்" என்று சாய்லியன் மூட்டையில் இன்னும் வசதியாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

வெளியே மழை கொட்டியது. அடுக்களையில் பாங் மாவோடு மல்லுக்கட்டினார். நூடுல்ஸ் சில இடத்தில் கயிறாகவும் சில இடத்தில் பலகையாகவும் இருந்தது. முட்டை ஓடு பல்லில் நறநறத்தது. ஆனாலும் கிண்ணங்களை அவரே கொண்டுவந்து, அவரே எடுத்துப்போனார். மூன்றாவது தடவை பூண்டு கொண்டு வந்தபோது, "சூமெய், அந்தச் சரிவுல நீ எறங்குனத பாத்தேன். நானே மொத வருஷம் ரெண்டு தடவ குளத்துல விழுந்தவன்தான்" என்றார். அதைச் சொல்ல அவருக்குச் சாராயம் கொஞ்சம் உதவியது.

மழை விட்டதும் ஊர்க் கூட்டம் கூடியது. எப்போதும் பின்னால் நின்று குழந்தைக்குப் பால் கொடுக்கும் நாங்கள், அன்று முன் வரிசைப் பலகையில் போய் உட்கார்ந்தோம். வரும் அறுப்பிலிருந்து பாங்கின் டிராக்டருக்குச் சீட்டுப் போட்டு வரிசை முடிவாக வேண்டும், ஆண் இருக்கிற வீடு இல்லாத வீடு என்ற கணக்கு கூடாது என்றாள் யின்ஹுவா. அது எப்படி என்று பாங் எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சாய்லியன் கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்து இன்னும் கைகள் எழுந்தன. பாங் உட்கார்ந்துவிட்டார்.

கிராமச் செயலாளர் மிகவும் சந்தோஷப்பட்டார். எங்களை 'முன்மாதிரி மகளிர் குழு' என்று அறிவித்து, யின்ஹுவா வீட்டு வாசலில் சிவப்புப் பலகை மாட்டப்போவதாகச் சொன்னார்.

"பலகை வேணாம் செயலாளரே, டீசல் குடுங்க. பங்கீட்டு டீசல்ல எங்களுக்கு ஒரு பங்கு எழுதுங்க. பலகைய ஊத்தினா வண்டி ஓடாது" என்றாள் யின்ஹுவா.

கூட்டம் சிரித்ததில் அவருக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று.

மக்காச்சோள விதைப்பும் முடிந்தது. அறுப்பு முடிந்த பின் பெண்கள் அம்மா வீட்டுக்குப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். புதுக் கோதுமையில் ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு, வெயிலில் நடந்து, புருஷன் இருந்தால் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவோம். அந்த வருஷம் எல்லோரும் ஒன்றாகவே போனோம். டிராக்டரின் பின்னால் சூளைக்காரர் கொடுத்த பழைய பெட்டி வண்டியைப் பூட்டி, வைக்கோல் பரப்பி, குடையோடு ஏறிக்கொண்டோம். ஒவ்வொருத்தி அம்மா வீட்டுக்கும் ஒரு நாள் என்று பேச்சு. முதல் நாள் என் அம்மா வீடு.

சத்தம் கேட்டுத் தெருவே வெளியே வந்தது. என் அம்மா கையில் மாவோடு ஓடி வந்தாள். யாரோ அதிகாரி வந்திருக்கிறார் என்று நினைத்துத் தலைமுடியைச் சரி செய்துகொண்டதில் நெற்றியெல்லாம் மாவு.

"மாப்பிள்ளை எங்க?" என்றாள் என்னைப் பார்த்து.

"ஜெங்ஜோவுல தளம் போடுறாரும்மா."

"அப்ப இத யாரு ஓட்டிட்டு வந்தது?"

சூமெய் டிராக்டரிலிருந்து இறங்கி, தலையை ஆட்டி வணக்கம் சொன்னாள். அம்மா அவளைக் கால்முதல் தலைவரை பார்த்தாள். டிராக்டரையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, விரலை ஊதிக்கொண்டாள். பிறகு வண்டியில் இருந்தவர்களைத் தலை எண்ணினாள்.

"இத்தன பேருக்கு வெள்ளரிக்கா பத்தாது. யூலான், தோட்டத்துக்குப் போய் இன்னும் பறிச்சிட்டு வா. நீங்க எல்லாம் உள்ள வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க."

நான் கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். உள்ளே யின்ஹுவாவின் குரல் ஏற்கனவே கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அம்மா அவளுக்குச் சமமாகக் கத்திப் பேசிக்கொண்டிருந்தாள்.